சாலை நிறைய ஓடிய கார், கடையில் கிடைக்காத கார்

பொம்மைக் கார்களின் வரலாறு: பகுதி 9

1960 டிசம்பர் 22 அன்று ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கௌலி தொழிற்சாலையிலிருந்து பத்து லட்சமாவது மோரிஸ் மைனர் வெளியே வந்தது. பிரிட்டனில் தயாரான எந்தக் காரும் அதற்கு முன் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. கம்பெனி அதை ஊரறியக் கொண்டாடியது. வெளிர் ஊதா நிறம் பூசி, உள்ளே வெள்ளை இருக்கைகள் வைத்து, ‘1000’ என்று இருக்க வேண்டிய பட்டயத்தில் ‘1000000’ என்று பொறித்துச் சுமார் 350 நினைவு வண்டிகளை விற்றது. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பொம்மைக் கடைக்குப் போன ஒரு பிரிட்டிஷ் சிறுவன், தன் அப்பாவோ பக்கத்து வீட்டாரோ ஓட்டும் அதே மைனரைக் கேட்டிருந்தால் கடைக்காரர் கையை விரித்திருப்பார். டிங்கியின் பட்டியலில் மைனர் சலூன் இல்லை. கார்கியின் பட்டியலிலும் இல்லை. மேட்ச்பாக்ஸ் மட்டும் 1958இல் 46ஆம் எண்ணில் ஒரு குட்டி மைனரை வெளியிட்டிருந்தது. அந்த எண்ணையும் 1960இல் பிக்ஃபோர்ட்ஸ் நிறுவனத்தின் வீட்டுச் சாமான் ஏற்றும் வண்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். நாட்டில் அதிகம் விற்ற கார் பத்து லட்சத்தைத் தொட்ட அதே ஆண்டில், கடையில் இருந்த அதன் ஒரே வார்ப்பு உருவமும் ஒரு சாமான் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கியது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். மைனரின் மாதிரிகளை மட்டுமே சேர்ப்பதென்று ஒருவர் முடிவு செய்தால், வீட்டில் ஒரு சுவர் போதாது. சலூன், மடக்குக் கூரை வண்டி, மரச்சட்ட டிராவலர், வேன், பிக்கப் என எல்லா வடிவங்களும், 1:76 தொடங்கி மேசையை அடைக்கும் பெரிய அளவுகள் வரையிலும், தபால் துறை, போலீஸ், பால் பண்ணை, ரொட்டிக் கடை, பியர் கம்பெனி என எண்ணற்ற நிறச் சட்டைகளிலும் கிடைக்கின்றன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கார் உற்பத்தி நின்ற 1971க்குப் பிறகு பிறந்தவை. இதுவரை வந்த பகுதிகளில் பொம்மைக் கடை அலமாரியைச் சாலையின் கண்ணாடி போலவே வைத்துப் பேசி வந்தோம். மைனர் அந்த எண்ணத்தைச் சரியாகச் சோதிக்கிறது. ஒரு கார் சாலையில் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதை மாதிரிகள் காட்டுவதில்லை. அது எப்போது புதுமையாக இருந்தது, பிறகு எப்போது கண்ணிலிருந்து மறையத் தொடங்கியது என்ற இரண்டு தருணங்களைத்தான் அவை காட்டுகின்றன. இரண்டுக்கும் நடுவே, சாதாரணமாய் உழைத்துக்கொண்டிருந்த நீண்ட காலத்தைப் பற்றி அலமாரி கிட்டத்தட்ட எதுவும் சொல்வதில்லை. இதுதான் இந்தப் பகுதியின் வாதம்.

முதலில் கார். அலெக் இஸிகோனிஸ் போர்க்காலத்திலேயே ‘மாஸ்கிட்டோ’ என்ற பெயரில் வரையத் தொடங்கிய இந்த வண்டி, 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் மோரிஸ் மைனராக வெளிவந்தது. கம்பெனியின் நிறுவனரான நஃபீல்ட் பிரபுவுக்கு அதன் உருண்டை வடிவம் பிடிக்கவில்லை. வெந்நீரில் உடைத்து வேகவைத்த முட்டை என்று ஏளனம் செய்தார். தயாரிப்புக்குப் போகும் கடைசி வேளையில், வண்டி ஒடுங்கலாகத் தெரிகிறதென்று இஸிகோனிஸ் அதை நீளவாக்கில் நடுவே அறுத்து, இரண்டு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். பம்பர்கள் ஏற்கெனவே தயாராகிவிட்டிருந்ததால் அவற்றை நடுவில் வெட்டி ஒட்டுத்துண்டு வைக்க வேண்டி வந்தது. பானட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டையும் அந்த அறுவையின் தழும்புதான். தொடக்கத்தில் கிரில்லுக்குள் தாழ இருந்த முகப்பு விளக்குகள் அமெரிக்கச் சட்டத்துக்காக மட்கார்டுகளின் மேல் ஏறின. 1952இல் ஆஸ்டினோடு இணைந்து பி.எம்.சி. உருவானதும் 803 சி.சி. எஞ்சின் வந்தது, 1956இல் 948 சி.சி. எஞ்சினோடும் ஒற்றைக் கண்ணாடி முகப்போடும் ‘மைனர் 1000’ ஆனது; 1962இல் 1098 சி.சி. ஆனது. மொத்தம் சுமார் 16 லட்சம் வண்டிகள். மாதிரி சேர்ப்பவர்களுக்கு இந்த விவரங்கள் முக்கியம். பிளவுபட்ட முகப்புக் கண்ணாடியா ஒற்றைக் கண்ணாடியா, விளக்கு மேலேயா கீழேயா, பம்பரில் ஒட்டு இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒரு மாதிரி எந்த ஆண்டுக் காரைக் குறிக்கிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். இந்தியாவுக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு: ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதே மைனரை ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்ற பெயரில் சில ஆண்டுகள் விற்றது. அதன் அண்ணனான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த அம்பாசடர்தான் பின்னாளில் நம் சாலைகளை ஆண்டது.

அந்த அண்ணனிடமிருந்தே லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் நடந்ததைப் புரிந்துகொள்ளலாம். அங்கே இயங்கிய மெக்கானோ கம்பெனியின் டிங்கி டாய்ஸ், 1930களில் ஹார்ன்பி ரயில்களுக்குத் துணைப் பொருளாகத் தொடங்கியது என்பதை முன்பே பார்த்தோம். ரயிலின் ‘ஓ’ அளவு, அடிக்கு ஏழு மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 1:43. இன்றும் உலகம் முழுக்க மாதிரிக் கார்களின் நடைமுறை அளவாக இருக்கும் அந்த விசித்திர எண் அங்கிருந்து வந்ததுதான். போருக்குப் பின் டிங்கி 40ஆம் வரிசையில் பிரிட்டிஷ் குடும்பக் கார்களை ஒவ்வொன்றாக வெளியிட்டது. ஸ்டாண்டர்ட் வேன்கார்ட், ஆஸ்டின் டெவன் என்று நீண்ட வரிசையில் 1950இல் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் வந்தது. மைனர் வரவில்லை. அதே இஸிகோனிஸின் கையில் அதே நேரத்தில் பிறந்த ஆக்ஸ்ஃபோர்ட், பார்ப்பதற்குப் பெரிதாக்கிய மைனர் போலவே இருக்கும். நிஜத்தில் இரண்டுக்கும் ஒன்றரை அடி நீள வித்தியாசம். டிங்கியின் அளவில் அது ஒரு சென்டிமீட்டர் மட்டுமே. உருக்கிய துத்தநாகக் கலவையை அழுத்தத்தில் பாய்ச்சும் எஃகு அச்சைச் செதுக்குவதுதான் இந்தத் தொழிலின் பெருஞ்செலவு. ஓர் அச்சு பல்லாயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளினால்தான் கட்டுப்படியாகும். சிறுவனின் கண்ணுக்கு வேறுபாடு தெரியாத இரண்டு கார்களுக்கு இரண்டு அச்சுகள் செதுக்க எந்தக் கணக்குப்பிள்ளையும் சம்மதிக்க மாட்டார். நஃபீல்ட் குடும்பத்தின் இடத்தை அண்ணன் பிடித்துக்கொண்டான் என்றே இதைப் படிக்கிறேன்.

இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். போருக்குப் பின் பிரிட்டிஷ் அரசு, ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்குத்தான் எஃகு என்று கட்டுப்பாடு வைத்திருந்தது. தொடக்க ஆண்டுகளின் மைனர்களில் பெரும்பங்கு கப்பலேறியது. உள்நாட்டில் கார் வாங்க நினைத்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். ஆகவே மைனர் புதுமையாக இருந்த அந்தச் சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் சிறுவர்கள் அதைத் தெருவில் அதிகம் பார்க்கவே இல்லை. அது தெரு நிறைந்தபோதோ புதுமை போய்விட்டிருந்தது.

புதுமை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை 1956இல் வந்த கார்கி தெளிவாக்குகிறது. மெட்டாய் கம்பெனி சவுத் வேல்ஸின் ஸ்வான்ஸீயில் தொடங்கிய கார்கி டாய்ஸ், ஜன்னல்களில் ஒளிபுகும் பிளாஸ்டிக் பொருத்திய கார்கள் என்று விளம்பரம் செய்து டிங்கியின் சந்தைக்குள் நுழைந்தது. முதல் வரிசையில் ஃபோர்ட் கான்ஸல், ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், வாக்ஸால் வெலாக்ஸ், ரோவர் 90, ஹில்மன் ஹஸ்கி எனச் சாதாரணக் குடும்பக் கார்கள்தான் நிறைந்திருந்தன. மோரிஸ் பெயரிலும் ஒன்று உண்டு. அது அப்போது புதிதாக வந்திருந்த மோரிஸ் கௌலி. எட்டு வயதான மைனரை அவர்கள் தொடவில்லை. டிங்கியும் இந்தப் போட்டியில் சூடுபிடித்தது. 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்ட் கார் விற்பனைக்கு வந்த அதே வேளையில் டிங்கி ஹெரால்டும் கடைக்கு வந்தது. (அந்த ஹெரால்டைத்தான் சில ஆண்டுகள் கழித்துச் சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி தயாரித்தது.) கார் கம்பெனியின் வரைபடங்களை முன்கூட்டியே வாங்கி, காரோடு பொம்மையையும் வெளியிடுவது என்றாகிவிட்டபின், பொம்மை என்பது நாளைய காரின் முன்னறிவிப்பு ஆகிவிடுகிறது. வீட்டு வாசலில் ஏற்கெனவே நிற்கும் வண்டிக்கு முன்னறிவிப்பு தேவையில்லை.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாக எழும். மேட்ச்பாக்ஸ் செய்ததே, அதை ஏன் கழிக்க வேண்டும்? ஸ்பாட்-ஆன் கம்பெனியும் 1963இல் ஒரு மைனர் 1000 வெளியிட்டதே? மறுக்கவில்லை. ஆனால் இவை எப்படிப்பட்ட விதிவிலக்குகள் என்று பார்க்க வேண்டும். லெஸ்னி கம்பெனியின் மேட்ச்பாக்ஸ் வண்டிகள் தீப்பெட்டி அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். இரட்டை அடுக்கு பஸ்ஸும் மைனரும் கிட்டத்தட்ட ஒரே நீளம். 75 எண்களை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டிய அந்த வரிசையில் ரோடு ரோலர், சிமென்ட் கலவை வண்டி, பால் வண்டி எல்லாமே இடம்பெற்றன. எல்லாவற்றையும் செய்பவர்கள் இதையும் செய்தார்கள். இரண்டே ஆண்டில் மாற்றியும் விட்டார்கள். ஸ்பாட்-ஆன் கதை இன்னும் சுவையானது. ட்ரை-ஆங் பொம்மைகளின் உரிமையாளரான லைன்ஸ் பிரதர்ஸ் 1959இல் பெல்ஃபாஸ்டில் தொடங்கிய இந்த வரிசையின் கொள்கையே எல்லா வண்டிகளும் ஒரே 1:42 அளவில் இருக்க வேண்டும் என்பது. குமிழிக் கார்களான இஸெட்டா, ஃபிரிஸ்கி முதல் பெரிய லாரி வரை, ஒரு முழு பிரிட்டிஷ் தெருவைக் குழந்தை அடுக்கிவிடலாம் என்பது அவர்கள் கனவு. அப்படிப்பட்ட தெருவில் மைனர் இல்லாமல் இருக்க முடியாது. சாலையைச் சாலையாகவே காட்ட முயன்ற ஒரே பெரிய கம்பெனி மட்டும் மைனரை முழு அளவில் செய்தது என்பது என் வாதத்துக்கு எதிரானதல்ல. அந்தக் கொள்கை வியாபாரத்தில் எவ்வளவு காலம் தாங்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்: 1964இல் லைன்ஸ் பிரதர்ஸ் மெக்கானோவையே வாங்கி டிங்கியைக் கைக்கொண்டதும் ஸ்பாட்-ஆன் தேவையற்றதாகி, 1967இல் பிரிட்டனில் நின்றுபோனது.

விக்டரி இண்டஸ்ட்ரீஸ் என்ற ஸர்ரே மாவட்டக் கம்பெனி 1950களின் தொடக்கத்தில் 1:18 அளவில், பேட்டரியில் ஓடும் பிளாஸ்டிக் மைனர் ஒன்றைச் செய்தது. மைனருக்கு அதன் வாழ்நாளில் கிடைத்த சிறந்த உருவம் அதுதான் என்று பல சேகரிப்பாளர்கள் சொல்வார்கள், நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அது பொம்மைக்கும் விளம்பரப் பொருளுக்கும் நடுவில் பிறந்தது, கார் விற்பவர் மேசைக்கும் பொருத்தமாக இருந்தது. அது வந்ததும் மைனர் இன்னும் புதிதாக இருந்த காலத்தில்தான். அதன் பிளாஸ்டிக் காலப்போக்கில் முறுக்கிக்கொள்ளும் தன்மை கொண்டது. வளையாத உடலோடு ஒன்று அகப்பட்டால் இன்று நல்ல விலை போகும்.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்றுண்டு. மினி? அதுவும் இஸிகோனிஸின் படைப்பு, அதுவும் எல்லாத் தெருவிலும் நின்றது, ஆனால் டிங்கி, கார்கி, ஸ்பாட்-ஆன் என யாரும் அதை விட்டுவைக்கவில்லை. அப்படியானால் பரவலாக இருப்பது ஒரு காருக்குத் தடை என்று எப்படிச் சொல்வது? நான் பரவலைத் தடை என்று சொல்லவில்லை. பரவல் மட்டும் போதாது என்கிறேன். மினிக்கு அதற்கும் மேலே இரண்டு விஷயங்கள் வாய்த்தன. குறுக்கே வைத்த எஞ்சின், பத்தடி நீளம், மூலைக்கு ஒரு சக்கரம் என்று வந்த அந்த வண்டி 1959இல் கண்ணைப் பறிக்கும் புதுமை. கார்கி மறு ஆண்டே அதைச் செய்துவிட்டது. புதுமை தேயும் நேரத்தில் பந்தயம் கைகொடுத்தது. 1964 மான்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கர்க் 37ஆம் எண் மினி கூப்பரில் வென்றார். கார்கி உடனே ஏற்கெனவே இருந்த வார்ப்புக்குக் கூரையில் விளக்கும் கதவில் எண்ணும் சேர்த்து மான்டி கார்லோ மினியாக்கி விற்றது. 1965, 1967 வெற்றிகளுக்கும் அதேபோல் புது எண்கள் வந்தன. ஃபோக்ஸ்வாகன் வண்டு காரைக் கார்கி கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலி வண்டியாக்கி, பெட்டியில் ஒரு காண்டாமிருகத்தையும் வைத்துக் கொடுத்தது! ஒவ்வொரு முறையும் அங்கே விற்றது ஒரு நிகழ்ச்சி. 1965இல் வந்த ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டினுக்குப் பின் இது விதியாகவே ஆனது: குழந்தை இருக்கை வெளியே பாயும் காரை வாங்கும், அத்தை சந்தைக்குப் போகும் காரை வாங்காது. மைனருக்கு அப்படிப்பட்ட கதை அமையவில்லை. பாட் மாஸ் 1950களின் பிற்பகுதியில் ‘கிரானி’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட மைனரில் ராலிகள் ஓட்டினார் என்பது உண்மை. ஆனால் மினி பிடித்ததுபோல் அது செய்தித்தாளின் முதல் பக்கத்தைப் பிடிக்கவில்லை. பாட்டி என்று பெயர் வைத்த காரைச் சிறுவர் சந்தையில் விற்பது எப்படியும் கடினம்தான்.

வாதத்துக்கு இன்னும் உறுதியான ஆதாரம் மைனருக்குப் பின் வந்த காரிடம் இருக்கிறது. 1971இல் மைனரின் இடத்தைப் பிடிக்க பிரிட்டிஷ் லேலண்ட் மோரிஸ் மரீனாவை வெளியிட்டது. இன்று பிரிட்டிஷ் மோட்டார் எழுத்தாளர்கள் கேலிக்கு உதாரணம் தேடும்போதெல்லாம் இழுக்கும் கார் அது. ஆனால் வெளிவந்த அதே 1971இல் கார்கி மரீனா கூப்பேயைச் செய்துவிட்டது. 22 ஆண்டுகள் சாலையில் ஓடிய மைனர் சலூனுக்குக் கார்கி ஒதுக்காத அச்சு, மரீனாவுக்கு முதல் ஆண்டிலேயே கிடைத்தது. காரின் தரமோ, மக்கள் அதன்மீது வைத்த பிரியமோ இந்த முடிவில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை. பிறகு பாருங்கள்: உற்பத்தி நின்றபின் மைனருக்கு மாதிரிகள் குவிந்தன, எட்டு லட்சத்துக்குமேல் விற்ற மரீனாவுக்கு வந்தவற்றை விரல்விட்டு எண்ணலாம். குழந்தைகளுக்காகச் செய்த காலத்தில் புதுமை தேர்ந்தெடுத்தது. பெரியவர்களுக்காகச் செய்யத் தொடங்கியபின் வேறொன்று தேர்ந்தெடுத்தது.

அந்த வேறொன்று எப்போது வேலை செய்யத் தொடங்கியது என்பதற்குக் கால வரிசையே சாட்சி. பெரியவர்கள் பொம்மைக் கார் சேர்ப்பது 1960களிலேயே தொடங்கிவிட்டது. செசில் கிப்ஸன் எழுதிய பிரிட்டிஷ் டிங்கி வரலாறு 1966இல் நூலாக வந்தது. லெஸ்னியின் ‘மாடல்ஸ் ஆஃப் யெஸ்டர்இயர்’ வரிசை 1956 முதலே பழைய வண்டிகளைச் செய்துவந்தது. ஆனால் அப்போது ‘பழைய’ என்றால் நீராவி வண்டி, 1910களின் கார். மைனர் அன்றைக்குப் பழையதுமல்ல, புதியதுமல்ல. 1976இல் சார்லஸ் வேர் என்பவர் பாத் நகரில் மோரிஸ் மைனர் சென்டரைத் தொடங்கி, துருப்பிடித்த மைனர்களைப் புதுப்பித்து அன்றாடம் ஓட்டும் காராகவே விற்கலானார். மைனர் வைத்திருப்பவர்களின் சங்கமும் அந்தப் பத்தாண்டில்தான் உருவானது. மாதிரிகள் அதற்குப் பின்னால் வந்தன. இடையில் தொழிலே சரிந்து எழுந்திருந்தது: பின்ஸ் ரோடு தொழிற்சாலை 1979இல் மூடியது, லெஸ்னி 1982இலும் மெட்டாய் 1983இலும் திவாலாயின. 1984இல் புது நிர்வாகத்தில் மீண்ட கார்கி, குழந்தைகளின் சில்லறைக் காசை நம்பாமல் பெரியவர்களின் பர்ஸை நோக்கித் திரும்பியது. அந்தத் திருப்பத்தில், 1980களின் பிற்பாதியில், மைனர் வேன் ஒரு நட்சத்திரமானது. 1990களில் லெடோ கம்பெனியின் வேன்கார்ட்ஸ் வரிசை 1950கள், 60களின் குடும்பக் கார்களையே தன் முழுக் களமாக்கிக்கொண்டபோது மைனரும் டிராவலரும் வேனும் அதில் இயல்பாக இடம்பிடித்தன. சாலையில் கார் குறைந்தது, பிறகு நிஜக் காரை மீட்டார்கள், அதன்பின் மாதிரி வந்தது. நினைவு மாதிரியை உண்டாக்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான வரிசை கிடைக்காது.

தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். நினைவு, பிரியம் எல்லாம் எதற்கு? 1970களில் வெள்ளீயக் கலவை வார்ப்பு பரவியது. ரப்பர் அச்சைச் சுழற்றி வார்க்கும் அந்த முறையில் சில நூறு பிரதிகளே போதும், எஃகு அச்சுச் செலவு கிடையாது. பிறகு ரெஸின் வந்தது. உற்பத்தி ஆசியாவுக்குப் போனதும் எஃகு அச்சும் மலிவானது. செலவு குறைந்ததால் எல்லாக் காருக்கும் மாதிரி வந்தது, மைனருக்கும் வந்தது, அவ்வளவுதானே? இந்த விளக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது. வீட்டுக் கொட்டகையில் வார்த்த நூறு பிரதிக் கார்களுக்கு அது முழுக்கவே பொருந்தும். ஆனால் எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவில் பொருந்தும் காரணம், ஒரு காருக்கு ஏன் அதிகம், இன்னொன்றுக்கு ஏன் குறைவு என்பதை விளக்காது. மரீனாவுக்கும் அதே வெள்ளீயம், அதே ரெஸின், அதே ஆசியத் தொழிற்சாலை கிடைத்தன. கதவு அகலத் திறந்துவிட்டது என்பதைத் தொழில்நுட்பம் சொல்கிறது. முதலில் யார் உள்ளே வந்தார்கள் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

இருந்தாலும் நினைவு மட்டுமே தேர்ந்தெடுத்தது என்று நான் வாதிட்டால் அதுவும் மிகை. கார்கி ஏன் சலூனைவிட்டு வேனில் அவ்வளவு உழைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வேனின் பக்கவாட்டில் ஜன்னல் இல்லை. அகன்ற தட்டையான தகடு. மென்மையான பட்டையால் மையை ஒற்றியெடுத்து உலோகத்தில் பதிக்கும் டாம்போ அச்சு 1970களுக்குப் பின் பொம்மைத் தொழிலில் பரவியிருந்தது. ஓர் அச்சில் வார்த்த ஒரே வேனைச் சிவப்பில் தபால் வண்டியாக, மஞ்சளில் தொலைபேசி வண்டியாக, பச்சையில் மளிகைக் கடை வண்டியாக எத்தனை முறை வேண்டுமானாலும் விற்கலாம். சேகரிப்பவரோ ஒன்று விடாமல் வாங்குவார். கடைகளும் சங்கங்களும் பத்திரிகைகளும் தங்கள் பெயரைப் பதித்து வரவழைத்தன. போதாக்குறைக்கு வெளியார் தாங்களே வண்ணம் பூசி மாற்றி விற்ற பிரதிகளும் சேர்ந்தன, அவற்றுக்கென்று ‘கோட் 3’ என்ற தனிப் பிரிவையே சேகரிப்பாளர்கள் வகுக்க வேண்டியிருந்தது. அந்த நிறச் சட்டைகளில் எத்தனையை உண்மையான மைனர் வேன் அணிந்திருந்தது என்று கேட்டால் சங்கடமாகிவிடும். ஆக, 1950இல் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஓர் அச்சு போதும் என்று சொன்ன அதே சிக்கனம், 1980களில் ஒரே வேனைப் பெருக்கியது. கணக்குப்பிள்ளை எங்கும் போய்விடவில்லை.

இதன் விளைவு கொஞ்சம் விபரீதமானது. குடும்பக் காராகப் பிறந்த மைனர், மாதிரி உலகில் பெரும்பாலும் அரசு வண்டியாகவும் வியாபார வண்டியாகவும் வாழ்கிறது. தபால் துறை மைனர் வேன்களை ஆயிரக்கணக்கில் ஓட்டியது உண்மை. ஆரம்பத்தில் அவற்றுக்கு ரப்பர் மட்கார்டுகளும் அவற்றின் மேல் தூக்கி வைத்த விளக்குகளும் இருந்தன. சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்கும் வடிவம் அது. 1960களின் இறுதியில் போலீஸ் ரோந்துக்கு வெளிர் நீலமும் வெள்ளையுமாக வந்த ‘பாண்டா’ மைனரும் தவறாமல் மாதிரியாகிறது. ஆனால் பெரும்பாலான மைனர்கள் சாம்பல், பச்சை, கருநீலம் என்று அடக்கமான ஒற்றை நிறத்தில், பின்னிருக்கையில் குழந்தைகளோடு ஓடியவை. அவை வேன் அளவுக்கு மாதிரியாகவில்லை. வருங்கால வரலாற்றாசிரியர் ஒருவர் மாதிரிகளை மட்டும் வைத்து 1950களின் பிரிட்டனை மீட்டெழுதினால், தபால்காரரும் போலீஸ்காரரும் மட்டுமே கார் வைத்திருந்த நாடு என்று எழுதிவிடுவார். டிராவலர் மட்டும் இதற்கு விலக்கு. 1953இல் வந்த அந்த வண்டியின் பின்பாதி உண்மையான ஆஷ் மரச்சட்டம். கண்ணைக் கவரும் அந்த மரமே அதைக் குடும்பக் காராகவே மாதிரியில் நிலைநிறுத்தியது. உலோகத்தில் மரத்தை வார்த்து அதன்மேல் மரநிறம் பூசுவது ஒரு கைத்திறன். நிஜ டிராவலர்களின் சட்டத்தில் மழைக்காலத்தில் வளர்ந்த பாசியை மட்டும் இதுவரை யாரும் வார்த்ததாகத் தெரியவில்லை.

மைனர் நினைவாக மாறாத ஓர் ஊரையும் சொல்ல வேண்டும். இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நீண்டகாலம் இருந்ததால் வந்து சேர்ந்த மோரிஸ் மைனர்களை மக்கள் விட்டுவிடாமல் ஓட்டினார்கள். வீட்டுக்கு வீடு பழுதுபார்க்கும் திறமை வளர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் அதே சார்லஸ் வேர், இலங்கைக் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து மைனர் உதிரிப் பாகங்களைச் செய்யும் தொழிற்சாலை ஒன்றைக் காலி நகரில் அமைத்தார். அங்கே அடித்துச் செய்த தகடுகள் பிரிட்டனில் மைனர்களின் மேல் ஏறின. பிரிட்டிஷ்காரர்கள் அலமாரியில் மைனரை அடுக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், காலியில் அதன் பாகங்களை 1:1 அளவில் இன்னும் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு கார் நினைவாவதற்கு முதலில் அது அன்றாடத்திலிருந்து விலக வேண்டும் என்ற என் வாதத்துக்கு மறுபக்கத்திலிருந்து கிடைக்கும் சாட்சி இது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மைனர் இப்போதும் சாலையில் தென்படுகிறது.

பின்ஸ் ரோட்டின் அச்சுகளுக்கும் இதேபோல் ஓர் ஆசிய மறுவாழ்வு கிடைத்தது. 1960களின் இறுதியில் டிங்கியின் பழைய வார்ப்பச்சுகள் சில கல்கத்தாவுக்குக் கப்பலேறின. அடித்தகட்டில் இருந்த ‘டிங்கி’ என்ற பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, ‘நிக்கி டாய்ஸ்’ என்று புதுப் பெயர் சூட்டி இந்தியக் குழந்தைகளுக்கு விற்றார்கள். எந்த அச்சுகள் வந்தன, எதற்காக விற்றார்கள், கல்கத்தா வார்ப்புக்கும் லிவர்பூல் வார்ப்புக்கும் என்ன வேறுபாடு என்பது அடுத்த பகுதியில்.